ஹார்ட் டிஸ்க்கை லேப்டாப்பில் மாட்டுவதும் கழற்றுவதும்: சிக்கல் வாரியாக ஒரு வழிகாட்டி

செட்டிநாட்டு வீடுகளில் பெட்டகத்தில் இருந்த காகிதமெல்லாம் மெல்ல மெல்ல ஹார்ட் டிஸ்க்குக்கு வந்துகொண்டிருக்கிறது. கல்யாணத்தில் எழுதும் இசைகுடிமானம், ரங்கூனிலிருந்து ஐயா எழுதிய கடிதங்கள், வளவு வீட்டுப் பத்திரம், முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்குப் பங்காளிகள் கூடியபோது எடுத்த படங்கள், அறுபதாம் கல்யாண வீடியோ என்று எல்லாம் உள்ளங்கை அளவுப் பெட்டிக்குள் இருக்கின்றன. விசேஷத்துக்குச் சிங்கப்பூரிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ வந்தவர்கள், ஊருக்குக் கிளம்புகிற நேரத்தில் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, அதே வேகத்தில் கேபிளை இழுத்துவிடுகிறார்கள். காரைக்குடியில் கணினி சர்வீஸ் செய்கிற என்னிடம் வரும் டிஸ்க்குகளில் நிறைய இப்படி அடிபட்டவைதான்.

அதனால் எந்தச் சிக்கலானாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: இதில் இருப்பது வேறு எங்காவது இருக்கிறதா? இருக்கிறது என்றால் தைரியமாக எதையும் செய்து பார்க்கலாம். இல்லை என்றால், டிஸ்க்கைச் சரிசெய்வது இரண்டாம் வேலை. உள்ளே இருப்பதை வெளியே எடுப்பதுதான் முதல் வேலை. கீழே சொல்கிற எல்லாம் இந்த வரிசையில்தான் போகும். பெரும்பாலும் விண்டோஸ் 10, 11 பற்றித்தான் பேசுகிறேன். மேக், லினக்ஸ் வருகிற இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

மாட்டினேன், ஒன்றுமே நடக்கவில்லை

டிஸ்க்கில் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியவில்லை என்றால் கேபிளையும் போர்ட்டையும் சந்தேகப்படுங்கள். வெளி ஹார்ட் டிஸ்க் பலவற்றில் டிஸ்க் பக்கம் தட்டையாக, அகலமாக, இரண்டு பகுதியாகப் பிரிந்த ஒரு முனை இருக்கும். அது சீக்கிரம் தளர்ந்துவிடும். கேபிளை நேராக, ஆட்டாமல், முழுக்க அழுத்திச் செருகுங்கள். இன்னொரு கேபிள் கிடைத்தால் முதலில் அதைத்தான் மாற்றிப் பார்க்க வேண்டும். கேபிள் போனதை டிஸ்க் போனது என்று நினைத்துப் புது டிஸ்க் வாங்கியவர்கள் உண்டு.

டைப் சி கேபிளில் ஒரு விஷயம். சில கேபிள்கள் சார்ஜ் மட்டும்தான் ஏற்றும், டேட்டா போகாது. லேப்டாப்பிலும் சில டைப் சி போர்ட் சார்ஜுக்கு மட்டுமே இருக்கும். பார்த்தால் எல்லாம் ஒன்று போலவே இருப்பதால், கேபிள், போர்ட் இரண்டையும் தனித்தனியே மாற்றித்தான் கண்டுபிடிக்க முடியும்.

விளக்கு எரிந்து, உள்ளே சுற்ற முயன்று, மறுபடி நின்றால் கரண்ட் போதவில்லை. யுஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர் வரை தரும், யுஎஸ்பி 3.0 போர்ட் 900 வரை தரும். சுற்றும் தட்டு உள்ள டிஸ்க் கிளம்புகிற நொடியில் இதைவிட அதிகமாகக் கேட்கலாம். ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் ஒரே ஹப்பில் மவுஸ், பென் டிரைவ், டிஸ்க் மூன்றும் தொங்கினால் அதற்குக் கிடைப்பது இன்னும் குறையும். ஹப்பை எடுத்துவிட்டு லேப்டாப்பின் போர்ட்டிலேயே நேராக மாட்டுங்கள். யுஎஸ்பி 3.0 போர்ட்டின் நாக்கு பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும். பழைய லேப்டாப்பில் ஒரு பக்கம் மட்டும்தான் அது இருக்கும்.

‘டிங்’ என்று சத்தம் வருகிறது, ஆனால் ‘திஸ் பிசி’யில் காணோம்

ஸ்டார்ட் பட்டனை ரைட் கிளிக் செய்து ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ திறங்கள். கீழ்ப்பாதியில் ஒவ்வொரு டிஸ்க்கும் ஒரு பட்டையாகத் தெரியும். உங்கள் டிஸ்க்கின் கொள்ளளவை வைத்து அதை அடையாளம் காணுங்கள்.

பட்டையில் பெயர் இருந்தும் டி, இ போன்ற டிரைவ் எழுத்து இல்லையென்றால் பெரிய விஷயமில்லை. அதை ரைட் கிளிக் செய்து ‘சேஞ்ச் டிரைவ் லெட்டர்’ மூலம் ஒரு எழுத்து கொடுத்தால் உடனே தெரியும். இடது கட்டத்தில் ‘ஆஃப்லைன்’ என்று இருந்தால் அந்தக் கட்டத்தை ரைட் கிளிக் செய்து ‘ஆன்லைன்’ ஆக்குங்கள்.

‘இனிஷியலைஸ்’ செய்யவா என்று கேட்டால் மட்டும் நிறுத்துங்கள். உள்ளே படங்கள் இருந்த டிஸ்க்குக்கு அந்தக் கேள்வி வந்தால், டிஸ்க்கின் பிரிவுகளைச் சொல்லும் அட்டவணையை விண்டோஸால் படிக்க முடியவில்லை என்று பொருள். ஓகே அழுத்தினால் பழைய அட்டவணையின் மேலேயே புதிதாக ஒன்றை எழுதிவிடும். கேன்சல் செய்து, வேறு கேபிளிலும் வேறு லேப்டாப்பிலும் மாட்டிப் பாருங்கள்.

‘ஃபார்மேட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்’ என்கிறது

இதற்குத்தான் அதிகம் போன் வருகிறது. கானாடுகாத்தானிலிருந்து ஓர் ஆச்சி கூப்பிட்டார்கள்.

“தம்பி, ஃபார்மேட் பண்ணவான்னு கேக்குது. பேரன் கல்யாணப் படம் இருக்கு இதுல. சரின்னு அழுத்தவா?”

“வேண்டாம் ஆச்சி. பக்கத்துல கேன்சல்னு இருக்கும், அதை அழுத்துங்க. அப்புறம் அப்படியே லேப்டாப்பை ஷட் டவுன் பண்ணிட்டு, டிஸ்க்கைக் கழத்தி எடுத்து வைங்க. யாரும் தொட வேணாம்.”

அந்தப் படங்கள் கிடைத்துவிட்டன. கேன்சல் அழுத்தியதால்தான் கிடைத்தன.

நடப்பது இதுதான். டிஸ்க்கில் எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று எழுதி வைக்கும் ஒரு பகுதி உண்டு, நம் பெட்டியடிக் கணக்குப் பேரேடு மாதிரி. எழுதிக்கொண்டிருக்கும்போது கேபிளை இழுத்தால் அந்தப் பக்கம் அரைகுறையாக நின்றுவிடுகிறது. படங்கள் அனேகமாக அப்படியே இருக்கின்றன, இடம்தான் தெரியவில்லை. ஃபார்மேட் என்பது பேரேட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு வெள்ளைப் புத்தகம் வைப்பது. ‘குயிக் ஃபார்மேட்’ செய்துவிட்டால்கூட, அதற்குமேல் எதையும் எழுதாமல் வைத்திருந்தால் மீட்க வழி உண்டு. ஆனால் பழைய பெயர்களும் ஃபோல்டர்களும் அப்படியே கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

முதலில் டிஸ்க் உண்மையிலேயே கெட்டிருக்கிறதா என்று பாருங்கள். மேக்கிலோ லினக்ஸிலோ ஃபார்மேட் செய்த டிஸ்க்கை விண்டோஸில் மாட்டினாலும் இதே கேள்வி வரலாம். சில டிவிகள் நிகழ்ச்சி பதிவு செய்வதற்காகத் தங்களுக்கு ஏற்றபடி ஃபார்மேட் செய்திருக்கும். கொடுத்தவர் மேக் வைத்திருக்கிறாரா என்று ஒரு வார்த்தை கேட்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

அப்படி இல்லையென்றால் மீட்பு மென்பொருள்தான் வழி. அதை லேப்டாப்பில் நிறுவுங்கள், மீட்கிற படங்களை இன்னொரு டிஸ்க்கில் சேமியுங்கள். சிக்கலான டிஸ்க்கில் ஒரு எழுத்துகூட எழுதக் கூடாது. விண்டோஸின் ‘எரர் செக்கிங்’ இந்த நேரத்தில் வேண்டாம். அது டிஸ்க்கின் ஒழுங்கைத்தான் சரிசெய்யும், ஒழுங்குக்கு வராத ஃபைல்களைத் துண்டு துண்டாக்கிவிடவும் கூடும். படங்களை வெளியே எடுத்த பிறகு ஓட்டுங்கள்.

‘டிவைஸ் இஸ் கரன்ட்லி இன் யூஸ்’ என்று கழற்ற விடமாட்டேன் என்கிறது

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். முறையாகக் கழற்றுவது என்றால், கடிகாரத்துக்குப் பக்கத்தில் உள்ள கழற்றும் ஐகானை அழுத்தி டிஸ்க்கை ‘எஜெக்ட்’ செய்துவிட்டுக் கேபிளை எடுப்பது. பொறுமை இழந்து கேபிளை இழுப்பது இந்த இடத்தில்தான்.

ஏதோ ஒரு புரோகிராம் அந்த டிஸ்க்கில் ஒரு ஃபைலைத் திறந்து வைத்திருக்கிறது. விண்டோஸ் சொல்வது அவ்வளவுதான். யார் என்று பெயர் சொல்லாது. முதலில் எல்லோரும் மறக்கிறவை: அந்த டிரைவைக் காட்டிக்கொண்டிருக்கும் ஃபோல்டர் ஜன்னல், பின்னால் ஒளிந்திருக்கும் வேர்டு ஃபைல், நிறுத்தி வைத்த பாட்டு. ஜன்னலை மூடினாலும் சில புரோகிராம்கள் கடிகாரத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். அங்கே போய் முழுவதும் வெளியேறுங்கள்.

ஸ்டுடியோக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆல்பம் வடிவமைக்க ஃபோட்டோஷாப்பில் ‘ஸ்க்ராட்ச் டிஸ்க்’ (தற்காலிக வேலை இடம்) என்று வெளி டிஸ்க்கைக் கொடுத்திருந்தால், படத்தை மூடினாலும் ஃபோட்டோஷாப் விடாது; புரோகிராமையே மூட வேண்டும். வீடியோ எடிட்டிங்கில் தற்காலிக ஃபைல்கள் சேரும் கேஷ் ஃபோல்டரை அந்த டிஸ்க்கில் வைத்திருந்தாலும் அதே கதைதான். இவை இரண்டையும் லேப்டாப்பின் உள் டிஸ்க்குக்கு மாற்றி வைத்தால் தினமும் நடக்கிற இந்தப் போராட்டம் நின்றுவிடும்.

எல்லாம் மூடியும் விடவில்லையா? ஸ்டார்ட் பட்டனை ரைட் கிளிக் செய்து ‘ஈவென்ட் வியூவர்’ திறங்கள். ‘விண்டோஸ் லாக்ஸ்’, அதற்குள் ‘சிஸ்டம்’. இப்போது ஒரு தடவை டிஸ்க்கைக் கழற்றச் சொல்லுங்கள். மறுத்ததும் பட்டியலைப் புதுப்பித்தால் மேலேயே ‘கெர்னல் பிஎன்பி’ என்ற பெயரில், 225 என்ற எண்ணோடு ஒரு பதிவு வந்திருக்கும். கழற்றவிடாமல் தடுத்தது எந்தப் புரோகிராம், அதன் செயல் எண் (பிஐடி) என்ன என்று அதில் எழுதியிருக்கும். அந்த எண்ணை ‘டாஸ்க் மேனேஜர்’ திறந்து ‘டீட்டெயில்ஸ்’ பக்கத்தில் தேடினால் ஆள் அகப்படுவார். ஆன்டிவைரஸாக இருந்தால் ஸ்கேன் முடியும்வரை பொறுங்கள். பழக்கமான புரோகிராமாக இருந்தால் வேலையைச் சேமித்துவிட்டு மூடுங்கள். செயல் எண் 4, பெயர் ‘சிஸ்டம்’ என்று இருந்தால் விண்டோஸே பிடித்திருக்கிறது. அதை மூட முயலாதீர்கள், ஷட் டவுன்தான் வழி.

ஷட் டவுனிலும் ஒரு நுணுக்கம் உண்டு. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ பெரும்பாலும் இயங்கிக்கொண்டிருக்கும். அதில் ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸின் உள்பகுதி முழுவதும் மூடாமல், இருந்த நிலையிலேயே சேமித்து வைக்கப்படும். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள், முழுதாக அணையும். அதன் பிறகு கழற்றுங்கள். சில லேப்டாப்பில் அணைந்த பிறகும் போர்ட்டுக்குக் கரண்ட் போய்க்கொண்டிருக்கும், டிஸ்க் விளக்கு எரியும்; பரவாயில்லை, கழற்றலாம். ஆனால் மூடியை மூடித் தூங்க வைப்பது ஷட் டவுன் ஆகாது. அந்த நிலையில் கழற்ற வேண்டாம்.

‘இப்போதெல்லாம் அப்படியே பிடுங்கலாமாமே’ என்று கேட்கிறார்கள். பாதி உண்மை. 2018இல் வந்த விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து ‘குயிக் ரிமூவல்’ என்பதே இயல்பு நிலை. அதாவது, எழுத வேண்டியதை நினைவகத்தில் சேர்த்து வைத்து மெதுவாக எழுதும் பழக்கத்தை விண்டோஸ் வெளி டிஸ்க்குகளுக்கு விட்டுவிட்டது. எழுதும் வேலை எதுவும் நடக்காத நேரத்தில் பென் டிரைவைக் கழற்றினால் அனேகமாக ஒன்றும் ஆகாது. ஆனால் வேலை நடக்கிறதா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை, அதுதான் சிக்கல். வேகத்துக்காக யாராவது ‘பெட்டர் பெர்ஃபார்மன்ஸ்’ என்று மாற்றியிருந்தால் இந்தச் சலுகையும் கிடையாது. ஒரே பிரதி இருக்கிற டிஸ்க்கை முறையாகத்தான் கழற்ற வேண்டும் என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

சுற்றும் டிஸ்க் என்றால் இன்னொரு காரணமும் சேர்கிறது. முறையாகக் கழற்றச் சொன்னதும் பெரும்பாலான டிஸ்க் படிக்கும் முனையை ஒதுக்கி நிறுத்திவிட்டு, தட்டின் சுழற்சியைக் குறைக்கும். மேலே விரலை வைத்துப் பாருங்கள்: மெல்லிய அதிர்வு இருக்கும், மெதுவாகத் தேயும், ‘டிக்’ என்று சின்னதாக ஒரு சத்தத்தோடு அடங்கும். அதற்குச் சில நொடிகள்தான் ஆகும். அடங்கிய பிறகு கேபிளை எடுங்கள், அப்புறம் டிஸ்க்கைத் தூக்குங்கள். சுற்றிக்கொண்டிருக்கும்போது தூக்கித் திருப்பிப் பைக்குள் போடுவதுதான் அதற்கு ஆகவே ஆகாது.

மேக்கில் ‘ஃபைண்டர்’ ஓரத்தில் டிஸ்க் பெயருக்குப் பக்கத்தில் உள்ள சின்ன அம்புக்குறிதான் கழற்றும் பட்டன். லினக்ஸில் கூடுதல் கவனம் வேண்டும்: காப்பி பட்டை முழுதாக ஓடி முடிந்த பிறகும் எழுதும் வேலை பின்னால் தொடர்ந்துகொண்டிருக்கலாம். கழற்றலாம் என்று திரையில் செய்தி வரும்வரை பொறுங்கள்.

கழற்றும் ஐகானே இல்லை

கடிகாரத்துக்குப் பக்கத்தில் மேல்நோக்கிய அம்புக்குறிக்குள் ஒளிந்திருக்கும். அங்கும் இல்லையென்றால் ‘திஸ் பிசி’யில் டிரைவை ரைட் கிளிக் செய்து ‘எஜெக்ட்’ கொடுங்கள். மவுஸ், கீபோர்டு, பிரிண்டர், கைரேகைக் கருவி ஆகியவற்றுக்கு இதெல்லாம் தேவையில்லை. வேலை நடக்காத நேரத்தில் அப்படியே கழற்றலாம்.

வேலை நடுவே டிஸ்க் தானாக மறைந்து மறைந்து வருகிறது

லேப்டாப் கரண்ட்டைச் சேமிக்கப் போர்ட்டை அணைத்திருக்கலாம். ‘டிவைஸ் மேனேஜர்’ திறந்து, யுஎஸ்பி பிரிவில் ‘ரூட் ஹப்’ ஒவ்வொன்றின் ‘பவர் மேனேஜ்மென்ட்’ பக்கத்திலும், கரண்ட் சேமிக்க இதை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். கேபிள் தளர்ச்சியும் இதே மாதிரி காட்டும் என்பதால் அதையும் பாருங்கள்.

மேசையில் வைக்கிற பெரிய டிஸ்க் என்றால் காரணம் வேறு. அதற்குத் தனி அடாப்டர் உண்டு. மின்சாரம் போனால் லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டே இருக்கும், டிஸ்க் மட்டும் அந்த நொடியிலேயே விழுந்துவிடும். காப்பி ஓடும்போது கேபிளைப் பிடுங்கியதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. வீட்டு இன்வெர்ட்டர் மாறுகிற அந்தக் கணநேர இடைவெளிகூடச் சில டிஸ்க்கை அணைக்கப் போதும். பெரிய டிஸ்க் வைத்திருக்கிற ஸ்டுடியோக்காரர்கள் அதற்கென்று ஒரு சின்ன யுபிஎஸ் வைத்துக்கொள்வது நல்ல முதலீடு. பராமரிப்பு மின்தடை அறிவித்த நாளில் காலையிலேயே கழற்றி வைத்துவிடுங்கள்.

டிஸ்க் மாட்டியதும் வயர்லெஸ் மவுஸ் தடுமாறுகிறதா? மவுஸ் கெடவில்லை. யுஎஸ்பி 3.0 இணைப்பு வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் எழும். மவுஸும் அதே அலைவரிசையில்தான் பேசுகிறது. மவுஸின் குட்டி ரிசீவரை லேப்டாப்பின் எதிர்ப் பக்கப் போர்ட்டுக்கு மாற்றினால் போதும்.

இடம் இருக்கிறது, ஆனால் ‘ஃபைல் பெரிது’ என்று மறுக்கிறது

பென் டிரைவ் ‘ஃபேட் 32’ முறையில் இருக்கிறது. அதில் ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல் போக முடியாது. கல்யாண வீடியோ அதைத் தாண்டிவிடும். உள்ளே இருப்பதை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு ‘எக்ஸ்ஃபேட்’ முறையில் ஃபார்மேட் செய்யுங்கள். விண்டோஸ், மேக் இரண்டும் அதில் படிக்கும், எழுதும். பழைய டிவியில் போட்டுப் பார்க்க வேண்டுமென்றால் அது எக்ஸ்ஃபேட்டைப் படிக்காமல் போகலாம். அப்போது ஃபேட் 32இலேயே விட்டுவிட்டு, வீடியோவைத் துண்டுகளாக்கிக் கொடுக்கச் சொல்லி ஸ்டுடியோவில் கேளுங்கள்.

நம்ப முடியாத விலைக்கு 2 டெராபைட் என்று விற்கிற பென் டிரைவ்களில் போலி அதிகம். உள்ளே கொஞ்சம்தான் இடம் இருக்கும், கணினியிடம் பெரிதாகப் பொய் சொல்லும். காப்பி ஆவது போலவே ஆகும், பின்னால் போன ஃபைல்கள் திறக்காது. வாங்கிய அன்றே நிறைய நிரப்பி, கழற்றி மறுபடி மாட்டி, கடைசியாகப் போட்ட வீடியோக்களைத் திறந்து பாருங்கள்.

எழுத விடமாட்டேன் என்கிறது

பெரிய எஸ்டி மெமரி கார்டு என்றால் ஓரத்தில் சின்ன பூட்டு ஒன்று இருக்கும், அதைத் தள்ளுங்கள். பென் டிரைவ் ஒருநாள் திடீரென்று படிக்க மட்டும் விட்டால், அதன் ஆயுள் முடிகிறது. படிக்க விடும்போதே எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள், சரிசெய்ய நேரம் செலவிட வேண்டாம்.

ஜெராக்ஸ் கடைக்குப் போய் வந்த பென் டிரைவில் எல்லாம் ஷார்ட்கட்டாக இருக்கிறது

வைரஸ். ஷார்ட்கட் எதையும் திறக்காதீர்கள். திறந்தால்தான் அது உங்கள் லேப்டாப்புக்குள் வரும். ஃபைல்கள் அழியவில்லை, மறைக்கப்பட்டிருக்கின்றன. முதலில் விண்டோஸின் ஆன்டிவைரஸால் பென் டிரைவை ஸ்கேன் செய்யுங்கள். பிறகு ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லி, ‘புரொடெக்டட் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்’ என்பதன் டிக்கையும் எடுத்தால் பழைய ஃபோல்டர்கள் மங்கலாகத் தெரியும். தேவையானதை மட்டும் லேப்டாப்புக்கு எடுத்துவிட்டுப் பென் டிரைவை ஃபார்மேட் செய்யுங்கள். இனிமேல் கடைக்கு எடுத்துப் போவதற்கென்றே தனியாக ஒரு சின்ன பென் டிரைவ் வைத்துக்கொள்ளுங்கள், அச்செடுக்க வேண்டியதை மட்டும் அதில் போடுங்கள்.

போன் சார்ஜ் ஆகிறது, படங்கள் தெரியவில்லை

ஆண்ட்ராய்டு போன் என்றால் திரையைத் திறந்து, மேலிருந்து இழுத்தால் வரும் யுஎஸ்பி அறிவிப்பைத் தொட்டு ‘ஃபைல் டிரான்ஸ்ஃபர்’ தேர்ந்தெடுங்கள். அதன் பிறகும் வரவில்லை என்றால் கேபிள்தான்.

டிஸ்க்கிலிருந்து ‘டக், டக்’ என்று தட்டும் சத்தம்

உடனே கழற்றுங்கள். இங்கே மட்டும் முறையாகக் கழற்றக் காத்திருக்க வேண்டாம். படிக்கும் முனை தட்டில் இடம் தெரியாமல் போய்வந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு நிமிடமும் தட்டில் கீறல் விழக்கூடும். இன்னொரு தடவை மாட்டிப் பார்க்கலாம் என்று தோன்றும், அதைத்தான் செய்யக் கூடாது. மீட்பு மென்பொருள் வேண்டாம், எரர் செக்கிங் வேண்டாம், ஃப்ரிட்ஜில் வைப்பது வேண்டாம். பெட்டியைப் பிரிக்கவும் கூடாது. உள்ளே ஒரு தூசி போனாலும் போச்சு.

இது எங்களைப் போன்ற சர்வீஸ் கடையில் முடிகிற வேலையில்லை. தூசியில்லாத அறை வைத்து டேட்டா மீட்கிற இடத்துக்குத்தான் போக வேண்டும், செலவும் ஆகும். முதலில் என்ன செலவாகும், கிடைக்காவிட்டாலும் பணம் கட்ட வேண்டுமா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். டிஸ்க்கைப் பஞ்சிலோ தடித்த துணியிலோ சுற்றிக் கையில் வைத்துக்கொண்டு போங்கள், பஸ்ஸில் மேல் பரணில் போட வேண்டாம். கடைசியாக என்ன நடந்தது, கீழே விழுந்ததா, எந்த ஃபோல்டர் முதலில் வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி டிஸ்க்கோடு கொடுத்துவிடுங்கள். எல்லாம் கிடைக்காத டிஸ்க்கில் எதை முதலில் எடுக்க முயல வேண்டும் என்பது அவர்களுக்கு அதிலிருந்துதான் தெரியும்.